மூன்று கிணறும் சுத்தம், பின்தெரு போர்வெல்லில் பெட்ரோல்

பெங்களூரில் அல்சூருக்குக் கிழக்கே ஒரு பழைய தெரு. மூன்று நான்கு தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் இருக்கிற இடம். முன்பக்கம் பெரிய ரோட்டைப் பார்த்தபடி ஒரு பெட்ரோல் பங்க், அதன் முதுகை ஒட்டிப் பின்தெரு. பின்தெருவில் ஒரு வீடு, நான்கு போர்ஷன், எல்லோருக்கும் ஒரே போர்வெல். காவிரித் தண்ணீர் முறை வைத்து வரும், அது சமையலுக்கும் குடிக்கவும். குளியல், துணி, பாத்திரம் எல்லாம் போர்வெல்தான். அந்தத் தண்ணீரில் பெட்ரோல் வாடை வருகிறது என்பது புகார், அதை விசாரிக்கப் போனேன். பங்க்கை நடத்தும் எண்ணெய் நிறுவனத்திடம் அதற்கு முன்பே ஒரு நிலத்தடி நீர் அறிக்கை கைவசம் இருந்தது. வளாகத்தில் மூன்று கண்காணிப்புக் கிணறு (நிலத்தடி நீரைச் சோதிக்கவென்றே இறக்கும் குழாய்க் கிணறு), மூன்றிலும் பெட்ரோலியப் பொருள் எதுவும் இல்லை என்று அது சொன்னது. ஆட்கள், நிறுவனம் எதன் பெயரும் இங்கே வேண்டாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று கிணறும் எண்ணெய் இல்லாத பக்கத்தில், எண்ணெய் நுழைய முடியாத ஆழத்தில் போடப்பட்டிருந்தன. ஆய்வகம் சரியாகத்தான் சோதித்தது. அதற்குக் கிடைத்த தண்ணீர் வேறு இடத்துத் தண்ணீர்.

வீட்டுக்கார அம்மா வாடையை வகை பிரித்துச் சொன்னார். "காலைல முதல் தடவ மோட்டார் போட்டா ஒண்ணும் தெரியாது தம்பி. டேங்க் பாதி ரொம்பினப்புறம்தான் வருது. வெயில் காலத்துல ஜாஸ்தி, மழை புடிச்சுட்டா கம்மி." இதைவிட நல்ல முதல் தகவல் எந்த அறிக்கையிலும் கிடைக்காது. மோட்டார் ஓட ஓட வாடை கூடுகிறது என்றால், போர்வெல் எங்கிருந்தோ இழுத்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். கோடையில் கூடுகிறது என்பதற்கு என்ன அர்த்தம் என்று பின்னால் பார்ப்போம்.

பழைய அறிக்கையில் என்ன ஓட்டை

பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது, அடர்த்தி ஏறக்குறைய 0.74. மண்ணுக்குள் கசிந்தால் கீழே இறங்கி, நிலத்தடி நீர்மட்டத்தைத் தொட்டதும் அதன்மேல் மிதந்து பரவும். அதனால் கண்காணிப்புக் கிணற்றுக் குழாயில் சல்லடைபோல் கீறல் விட்ட பகுதி நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் விரிந்திருக்க வேண்டும். பழைய கிணறுகள் 15 மீட்டர் ஆழம், கீறல் பகுதி 10.5 மீட்டரில்தான் தொடங்கியது. அளவெடுத்தது அக்டோபர், நல்ல மழைக்குப் பின். நீர்மட்டம் 7 மீட்டரில். அதாவது மேலே மூன்றரை மீட்டர் தண்ணீரைக் கீறல் இல்லாத குழாய் மூடியிருந்தது. மேலே எண்ணெய் மிதந்திருந்தாலும் உள்ளே வர வழியே இல்லை.

இரண்டாவது, மூன்று கிணறும் முன்பக்கக் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஒரே நேர்கோட்டில் இருந்தன. நிலத்தடி நீர் எந்தப் பக்கம் சரிகிறது என்று கணக்கிட மூன்று புள்ளி போதும்தான், ஆனால் அவை முக்கோணமாக இருக்க வேண்டும். ஒரே கோட்டில் இருந்தால் கோட்டின் நெடுக சரிவு தெரியும், குறுக்கே தெரியாது. தரை ஏரியை நோக்கித் தாழ்கிறது, நீரும் அப்படித்தான் போகும் என்ற ஊகத்தில் முன்பக்கம் தோண்டியிருக்கிறார்கள். ஆளில்லாத காட்டில் அது சரியாக இருக்கலாம். பின்தெரு முழுக்க ஆளுக்கொரு போர்வெல் போட்டு இறைக்கிற ஊரில், நீர் தரையின் சரிவைப் பார்த்துப் போவதில்லை, மோட்டாரைப் பார்த்துப் போகும்.

பெங்களூரின் அடிப்பாறை வேறு சேர்ந்துகொள்கிறது. லால்பாக்கில் மேலே துருத்திக்கொண்டு நிற்கும் அதே தீபகற்ப நைஸ் பாறைதான் ஊருக்கு அடியிலும், ஏறக்குறைய 300 கோடி ஆண்டு பழையது. மேலே செம்மண்ணும் மக்கிய பாறையும். அதற்குக் கீழே கெட்டிப் பாறை, அதில் தண்ணீர் இருப்பது பிளவுகளில் மட்டும். மணல் நிலத்தில் மாசு ஒரு புகைமூட்டம் மாதிரி நாலாபக்கமும் விரியும். இங்கே ஒரு பிளவில் புகுந்தால் பக்கத்தில் ஐந்து மீட்டரில் இருக்கும் கிணற்றுக்கு எதுவும் தெரியாமல் அறுபது மீட்டர் தாண்டிப் போய் எழும்பும். இந்த ஊரில் போர்வெல்லுக்குக் கேசிங், அதாவது வெளிக்குழாய், பாறை வரைக்கும் இறக்குவார்கள், ஆனால் கேசிங்கைச் சுற்றி சிமென்ட் பால் ஊற்றி அடைப்பது அபூர்வம். மேல்மட்டத்துத் தண்ணீர் அந்தச் சந்து வழியாகவே ஆழத்துக்கு இறங்கிவிடும்.

கசிவு எங்கே

டீலர் கோபமாகத்தான் பேசினார். "டேங்க் டைட்டா இருக்கு சார், நைட் டெஸ்ட் பண்ணி சர்ட்டிபிகேட் வாங்கியிருக்கேன்." சர்ட்டிபிகேட் உண்மை. ராத்திரி விற்பனையை நிறுத்தி, டேங்க்கின் அளவுமானியில் மட்டம் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள், இறங்கவில்லை. ஆனால் டேங்க்குக்குள் இருக்கும் நீர்மூழ்கி பம்ப், வண்டிக்கு ஊற்றும் டிஸ்பென்சர் மெஷின் வரைக்கும் அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளுகிற குழாய், அதன் இணைப்புகள் இவையெல்லாம் வண்டிக்கு ஊற்றும்போதுதான் வேலை செய்கின்றன. பம்ப் ஓடாத ராத்திரியில் குழாயில் அழுத்தம் இல்லை, அதனால் கசிவும் இல்லை.

ஸ்டாக் ரிஜிஸ்டரில் தெரிந்திருக்க வேண்டாமா? வினாடிக்கு ஒரு சொட்டு என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு நான்கு லிட்டரும் கொஞ்சமும், மாதத்துக்கு 130 லிட்டர். தினம் ஆயிரக்கணக்கான லிட்டர் விற்கும் பங்க்கில் ஆவியாவது, டேங்கர் லாரியில் வரும்போது இருந்த சூடு குறைந்து சுருங்குவது, டேங்க்கில் இறக்கி மட்டம் பார்க்கும் டிப் ராடில் ஒரு கோடு முன்னே பின்னே படிப்பது என்று இதைவிடப் பெரிய வித்தியாசங்கள் தினமும் வந்து போகும். ஒரு நாள் கணக்கில் இது கண்ணில் படாது. பல மாத வித்தியாசத்தைச் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் தெரியும்: சாதாரண வித்தியாசம் ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும், கசிவு மட்டும் எப்போதும் ஒரே பக்கம் சாயும். இங்கே டீசல் கணக்கு முன்பின்னாக இருந்தது. பெட்ரோல் கணக்கு மாதாமாதம் குறைந்த பக்கமே சாய்ந்திருந்தது. குழாயைத் தோண்டிப் பார்த்தபோது, பின்பக்க டிஸ்பென்சருக்குக் கீழே ஒரு இணைப்பைச் சுற்றி மண் ஈரமாக, கறுத்துப்போய் இருந்தது.

சரி, அங்கிருந்து பின்தெருவுக்கு எப்படிப் போனது? இதற்கும் பதில் சொன்னது வீட்டுக்கார அம்மாதான். "பங்க் வர்றதுக்கு முன்னாடி அங்க ஒரு கெணறு இருந்துச்சு. எங்க மாமியார் அதுலதான் தண்ணி எடுப்பாங்க. கட்டட இடிபாடெல்லாம் கொட்டி மூடிட்டாங்க." பெங்களூரின் பழைய தெருக்களில் இப்படி மூடிய கிணறுகள் நிறைய. செங்கல்லும் கான்கிரீட் துண்டும் கொட்டி மேலே தளம் போட்டுவிட்டால் கண்ணுக்கு மறைந்துவிடும். உள்ளே இடைவெளி நிறைந்த ஒரு செங்குத்துக் குழாய் மாதிரி அது அப்படியே இருக்கும். கசிந்த இணைப்பும் அந்தக் கிணறும் கைக்கெட்டும் தூரம். எந்த இடத்திலும் கண்காணிப்புக் கிணறு குறிப்பதற்கு முன்னால் அந்தத் தெருவிலேயே வயதானவர்கள் இரண்டு பேரிடம் பேசிவிட வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

புதிய கிணறுகள்

புதிதாக நான்கு: கசிந்த குழாயருகே ஒன்று, மூடிய கிணற்றருகே ஒன்று, மாநகராட்சி அனுமதியோடு பின்தெரு ஓரத்தில் ஒன்று, பாதிப்பு இருக்க வாய்ப்பில்லாத பக்கம் ஒப்பிட ஒன்று. ஆழத்துக்குப் புதிதாகத் தோண்டவில்லை. அந்த வீட்டு போர்வெல்லையே ஆழ்புள்ளியாக வைத்துக்கொண்டோம்.

துளை போட வந்தது திருச்செங்கோட்டு ரிக். இந்தியாவில் எந்த மூலைக்குப் போனாலும் போர் வண்டி அங்கிருந்துதான் வந்திருக்கும், பெங்களூர் பக்கத்து ஊர் மாதிரி. ஆட்கள் கெட்டிக்காரர்கள், தூசியின் நிறத்தைப் பார்த்தே எத்தனை அடியில் பாறை மாறுகிறது என்பார்கள். ஆனால் அவர்களுடைய முறை இந்த வேலைக்கு அப்படியே பொருந்தாது. ஏர் கம்ப்ரஸரில் காற்றடித்து ஹேமரால் உடைக்கும்போது, மண்ணிலுள்ள பெட்ரோல் ஆவி காற்றோடு கலந்து வெளியேறிவிடும் அல்லது பக்கவாட்டில் தள்ளப்படும். கம்ப்ரஸர் எண்ணெயும் துளையில் சேரும், அப்புறம் ஆய்வகத்தில் வருகிற எண்ணெய் யாருடையது என்று வாதாட வேண்டியிருக்கும். தீப்பொறி அபாயம் வேறு. அதனால் மக்கிய பாறை வரைக்கும் காற்றில்லாமல் ஆகர் என்கிற திருகுத் துளைகருவி போட்டே இறங்கினோம், வாயுமானியைத் துளை வாயில் வைத்துக்கொண்டு. ரிக்கை ஓட்டிய தம்பிக்கு இது பிடிக்கவில்லை. "நூறடி அடிச்சிட்டுக் கிளம்புற நேரத்துல பத்தடி போட்டுட்டு உக்காந்திருக்கோம் சார்" என்றார்.

கீறல் பகுதியை 5 மீட்டரிலிருந்து 14 மீட்டர் வரை விட்டோம், மழைக்கால மட்டமும் கோடை மட்டமும் இரண்டும் அதற்குள் அடங்கும்படி. சுற்றிலும் சல்லி, அதன்மேல் பென்டோனைட் களிமண் அடைப்பு, அதற்கு மேல் சிமென்ட். பங்க் தளத்தில் சிந்துகிற பெட்ரோல் மழையோடு கிணற்றுக்குள் இறங்காதபடி மூடி இறுக்கம். இந்தக் கடைசி விஷயத்தில் கோட்டைவிட்டால் கண்காணிப்புக் கிணறே மாசு போகும் வழியாகிவிடும்.

எண்ணெயையும் தண்ணீரையும் பிரித்துக் காட்டும் அளவுநாடா ஒன்று உண்டு, நுனி எண்ணெயில் பட்டால் ஒரு சத்தம், தண்ணீரில் பட்டால் வேறு சத்தம். மூடிய கிணற்றருகே இருந்த கிணற்றில் முதல் கோடையிலேயே அது எண்ணெய்ச் சத்தம் கொடுத்தது. இங்கே ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது, அதைச் செய்யாமல் விட்டால் வரைபடமே தலைகீழாகிவிடும். உதாரணத்துக்கு, எண்ணெய் 9.20 மீட்டரிலும் தண்ணீர் 9.50 மீட்டரிலும் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலிருக்கும் 30 செ.மீ. எண்ணெய் தன் எடையால் தண்ணீரைக் கீழே அழுத்திக்கொண்டிருக்கிறது. அந்த 30-ஐ 0.74-ஆல் பெருக்கினால் 22 செ.மீ.; எண்ணெய் இல்லாதிருந்தால் நீர்மட்டம் 9.28-இல் இருந்திருக்கும். ஒரு பங்க் அளவு சின்ன இடத்தில் கிணற்றுக்குக் கிணறு மட்ட வித்தியாசமே பத்து இருபது செ.மீ.தான். இந்த 22-ஐத் திருத்தாமல் வரைந்தால் நீரோட்ட அம்புக்குறி எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். இன்னொன்று: கிணற்றில் தெரியும் எண்ணெய்ப் படலத்தின் தடிமன் மண்ணில் இருப்பதைவிட அதிகமாகவே காட்டும். அதை வளாகத்தின் பரப்பால் பெருக்கி இத்தனை ஆயிரம் லிட்டர் என்று சொல்லிவிடக் கூடாது.

அடுத்து மோட்டார் சோதனை. பின்தெரு வீட்டு மோட்டாரை நிறுத்தி, மட்டங்கள் நிலைப்படும் வரை விட்டு, பிறகு ஓடவிட்டு எல்லாக் கிணறுகளிலும் மட்டம் பார்த்தோம். முன்பக்கச் சுவரோரப் பழைய கிணறுகள் அசையவில்லை. மூடிய கிணற்றருகே இருந்ததில் மட்டம் உடனே இறங்கத் தொடங்கியது, பின்தெரு ஓரக் கிணற்றைவிட அது வீட்டுக்குத் தூரமாக இருந்தும். பிளவுத் தொடர்புக்கு இதைவிட நேரான சாட்சி தேவையில்லை.

மாதிரி எடுப்பதும் எண்களும்

பெட்ரோலில் நாம் முக்கியமாகத் தேடுவது பென்சீன், டொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன். நான்கும் ஆவியாகிப் பறப்பவை. 40 மில்லி கண்ணாடிக் குப்பியில் ஒரு காற்றுக் குமிழி கூட இல்லாமல் நிரப்பி, அமிலம் சேர்த்து, பனிக்கட்டியில் வைத்து, 14 நாளுக்குள் சோதித்தாக வேண்டும். குப்பியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தால் குமிழி மேலே ஓடுவது தெரியும். ஓடினால் அந்த மாதிரியைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எடுக்க வேண்டும். இந்த வேலையை பங்க்கில் செய்வதில் ஒரு தனிச் சிக்கல்: காற்றிலேயே பெட்ரோல் இருக்கிறது. அதனால் சுத்தமான தண்ணீர் மட்டும் நிரப்பிய குப்பி ஒன்றை அங்கேயே திறந்து மூடிக் கூட அனுப்ப வேண்டும். அதில் பென்சீன் வந்தால் அன்றைய மாதிரி எல்லாமே சந்தேகம். லோடு இறக்கும் நேரத்தில் மாதிரி எடுக்கவே கூடாது.

குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் பட்டியலில் அது இருக்கிறது. பிஎஸ்-6 தரப் பெட்ரோலில் பென்சீன் 1 சதவீதம் வரை இருக்கலாம். ஒரு லிட்டர் பெட்ரோலில் 10 மில்லி, எடையில் 8.7 கிராமுக்குப் பக்கம். அதை 10 மைக்ரோகிராமால் வகுத்துப் பாருங்கள்: அந்த ஒரு லிட்டர் எட்டே முக்கால் லட்சம் லிட்டர் தண்ணீரை வரம்பு வரை கொண்டுவரப் போதும். நம் தெருக்களில் வரும் 12,000 லிட்டர் டேங்கரில் 73 லோடு.

வாடை போய்விட்டால் தண்ணீர் சரியாகிவிட்டது என்று பின்தெருவில் பலரும் நம்பினார்கள். இதை மட்டும் வீடுவீடாகப் போய் விளக்க வேண்டியிருந்தது. மூக்குக்கு முதலில் தெரிவது டொலுயீனும் சைலீனும், தண்ணீரில் மிகக் கொஞ்சம் இருந்தாலே வாடை வரும். பென்சீன் மட்டும் தனியாக இருந்தால் லிட்டருக்கு 10 மில்லிகிராம் அளவுக்குப் போனால்தான் மூக்கில் படும், அதாவது வரம்பைப் போல ஆயிரம் மடங்கு. வீட்டு ஆர்ஓ இதை நம்பகமாகத் தடுக்காது. கரித்தூள் வடிகட்டி பிடிக்கும், நிறைந்த பிறகு விட்டுவிடும். கொதிக்க வைத்தால் தண்ணீரிலிருந்து போகும், சமையலறைக் காற்றுக்குள்தான் போகும். வெந்நீர்க் குளியலும் அப்படித்தான், குடிக்காவிட்டாலும் சுவாசத்தில் ஏறும்.

வீட்டு போர்வெல்லில் மோட்டார் ஓய்வில் இருக்கும்போது எடுத்த மாதிரியில் பென்சீன் வரம்புக்குச் சற்று மேலே. நன்றாக ஓடவிட்டு எடுத்ததில் பல மடங்கு. அம்மா சொன்ன 'பாதி டேங்க்' கணக்கு அப்படியே எண்ணாக வந்தது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த சாட்சி நைட்ரேட். பெங்களூரின் மேல்மட்ட நிலத்தடி நீரில் சாக்கடைக் கசிவால் நைட்ரேட் தாராளமாக இருக்கும், குடிநீர் வரம்பான லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டுவது சகஜம். ஒப்பிடப் போட்ட கிணற்றிலும் அப்படித்தான். ஆனால் மூடிய கிணற்றருகே நைட்ரேட் ஏறக்குறைய இல்லை. கரைந்த ஆக்சிஜனும் இல்லை. இரும்பு மட்டும் ஏறியிருந்தது. பெட்ரோலைத் தின்னும் பாக்டீரியாக்கள் முதலில் ஆக்சிஜனைத் தீர்க்கும், அப்புறம் நைட்ரேட்டை எடுக்கும், அதற்கப்புறம் மண்ணிலுள்ள இரும்பு (அது அப்போது தண்ணீரில் கரைந்து வரும்), சல்பேட் என்று இறங்கும். ஊர்ச் சாக்கடையின் புண்ணியத்தில் இங்கே அவற்றுக்குத் தீனிக்குக் குறைவில்லை! இதில் எத்தனால் குறுக்கே வருகிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் இதே பெங்களூரில்தான் அறிமுகமானது. எத்தனால் தண்ணீரில் முழுக்கக் கரையும், பாக்டீரியாக்களுக்கும் அதுதான் முதல் விருப்பம். இருக்கிற ஆக்சிஜனையும் நைட்ரேட்டையும் அது தீர்த்துவிடுவதால் பென்சீன் சிதையாமல் இன்னும் தூரம் போகும். பழைய பெட்ரோலுக்கு எழுதிய 'இத்தனை மீட்டருக்குள் தானாகச் சரியாகிவிடும்' என்ற கணக்குகளை இப்போதைய பங்க்குக்கு அப்படியே போடக் கூடாது என்பது என் கருத்து.

மழையும் 'சுத்தமும்'

கசிந்த குழாயை மாற்றினார்கள், கறுத்த மண்ணை எடுத்தார்கள், மிதந்த எண்ணெயை உறிஞ்சி எடுத்தார்கள். மழை வந்தது. செப்டம்பர், அக்டோபரில் எண்ணெய்ச் சத்தமே இல்லை. நிறுவனத்திலிருந்து கடிதம்: தொடர்ச்சியாக எண்ணெய் இல்லை, கண்காணிப்பை முடித்துக்கொள்ளலாமா?

முடித்துக்கொள்ள முடியாது. நீர்மட்டம் ஏறும்போது மிதக்கும் எண்ணெய் முழுசாக மேலே வருவதில்லை. பாதி மண்துளைகளிலும் பிளவுகளிலும் தண்ணீருக்கு அடியில் சிக்கிக்கொள்ளும், கிணற்றுக்குள் வராது. மார்ச், ஏப்ரலில் மட்டம் இறங்கும்போது சிக்கியது விடுபட்டு மறுபடி கிணற்றில் சேரும். 'மழை புடிச்சுட்டா கம்மி' என்பதற்கு இதுதான் விளக்கம். மழைக்காலத்து அளவை மட்டும் வைத்து எந்த பங்க்கையும் சுத்தம் என்று நிரூபித்துவிடலாம், பழைய அறிக்கையும் அக்டோபர் அறிக்கைதானே. அடுத்த ஏப்ரலில் அளவுநாடா மறுபடி சத்தம் போட்டது, முன்பைவிட மெல்லிய படலம்.

பெரிய சண்டை வந்தது போர்வெல்லை என்ன செய்வது என்பதில். உடனே மூடிவிடச் சொன்னார்கள் பலர். மூடினால் இழுப்பு நிற்கும், அந்த மாசு அடுத்ததாகப் பெரிய மோட்டார் எதுவோ அதை நோக்கித் திரும்பும். தெருவில் இன்னும் ஐந்தாறு மோட்டார் இருக்கின்றன. அதனால் அதே போர்வெல்லைக் குறைந்த வேகத்தில் விடாமல் ஓட்டி, தண்ணீரைக் கரித்தொட்டி வழியாகச் சுத்தம் செய்து வெளியேற்றுவது என்று முடிவானது. தெரு முழுவதற்கும் அது காவல். ஆனால் அந்த நான்கு போர்ஷன்களுக்குத் தண்ணீர்? டேங்கர். செலவு யாருடையது என்பதில் மூன்று கூட்டம் வரை பேச்சு நீண்டது. வேலூர்த் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் 1996-இலேயே உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று சொல்லியாயிற்று; அதைக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னது நான் இல்லை, இரண்டாவது போர்ஷனில் இருக்கும் கல்லூரிப் பெண். நிறுவனம் டேங்கர் செலவை ஏற்றது. சோதனை முடிவுகளின் நகல் வீட்டுக்காரர்களுக்கும் நேரடியாகப் போக வேண்டும் என்பதையும் அந்தப் பெண்தான் எழுதி வாங்கினாள்.

கண்காணிப்பு இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதில் ஒன்று கட்டாயம் மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ. ஒவ்வொரு முறையும் மட்டம், எண்ணெய்ப் படலம், நான்கு பொருள்கள், நைட்ரேட், இரும்பு, ஆக்சிஜன், எத்தனால். வீட்டு போர்வெல்லில் மட்டும் ஓய்வில் ஒன்று, ஓட்டத்தில் ஒன்று. அடுத்தடுத்த இரண்டு கோடைகளில் ஓட்டத்து மாதிரியிலும் பென்சீன் 10 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் போர்வெல்லைக் குளிக்கத் துவைக்கத் திறந்துவிடலாம் என்று எழுதியிருக்கிறோம். முதல் கோடை தேறவில்லை. எண் இறங்கியிருக்கிறது, வரம்புக்குள் வரவில்லை. பழைய முன்பக்கக் கிணறுகள் மூன்றையும் சிமென்ட் பால் ஊற்றி முறைப்படி அடைத்தாயிற்று. அவற்றின் அக்டோபர் எண்களை இனி எந்த அறிக்கையிலும் சேர்ப்பதில்லை.